பழைய லேப்டாப்ல வீட்டு சர்வர்: குடும்ப போட்டோ, பத்திரம் எல்லாம் ஒரே எடத்துல வைக்கிறது எப்படி

சர்வர்னா எந்நேரமும் ஓடி வீட்ல எல்லா போனுக்கும் ஃபைல் குடுக்குற ஒரு கம்ப்யூட்டர், அவ்ளோதான். அத பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து உங்க வீட்டு போட்டோ, வீடியோ, டாக்குமெண்ட் எல்லாம் இப்ப எங்கெங்க கெடக்குன்னு எழுதிருங்க. அப்பா போன், அம்மா போன், டிராயர்ல இருக்குற டிஸ்ப்ளே போன பழைய போன், காலேஜ் டைம் லேப்டாப், கல்யாண வீடியோகிராஃபர் குடுத்த டிவிடி, பீரோல இருக்குற ரெண்டு பென்டிரைவ், கூகுள் போட்டோஸ், அப்புறம் வாட்ஸப். பாதி பேருக்கு இந்த லிஸ்ட் எழுதும்போதே எது ஒண்ணே ஒண்ணா இருக்கு, எதுக்கு காப்பியே இல்லன்னு தெரிஞ்சிரும். டிவிடில இருக்குறத முதல்ல காப்பி பண்ணிருங்க, அது ஈரப்பதத்துல பூஞ்சை புடிச்சு படிக்க முடியாம போற சாமான், சர்வர் ரெடியாகட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1ல இருந்து அன்லிமிடெட் ஃப்ரீ இல்ல, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேத்து 15 ஜிபிதான். பணம் கட்டினா எடம் கெடைக்கும், அதுல தப்பே இல்ல, நானே கூகுள விட்டு ஓடுங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அக்கவுண்ட் லாக் ஆனாலோ, கார்டு எக்ஸ்பயரி ஆகி யாரும் கவனிக்காம விட்டாலோ நம்ம கையில ஒரு காப்பி இருக்கணும். அதுக்குத்தான் இந்த சர்வர். ரெண்டே கேள்விதான்: அம்மாவால 2014 பொங்கல் போட்டோவ உங்கள கேக்காம எடுக்க முடியுமா, நாளைக்கு டிஸ்க் செத்தா அந்த போட்டோ திரும்ப வருமா. மத்த எல்லா அலங்காரமும் அதுக்கு அப்புறம்.

மெஷின் விஷயத்துல பெரிய செலவு வேண்டாம். வீட்ல சும்மா கெடக்குற லேப்டாப், 8 ஜிபி ரேம், ஒரு ஆறாவது ஏழாவது ஜெனரேஷன் ஐ3 இருந்தா போதும். பூட் ஆகுறதுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டுக்கோங்க. லேப்டாப் இல்லன்னா ஆஃபீஸ்ல இருந்து கழிச்சு வர்ற மினி பிசி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எடத்துல ரீஃபர்பிஷ்டா கெடைக்கும், கையளவு டப்பா, சத்தமும் இருக்காது. ராஸ்பெரி பையும் ஓடும், ஆனா எஸ்டி கார்டுல எல்லாத்தையும் போட்டு ஓட்டாதீங்க, டேட்டாபேஸ் எழுதி எழுதி அந்த கார்டு சீக்கிரம் போயிரும். பெரிய டவர் டெஸ்க்டாப் வேண்டாம்னு சொல்றதுக்கு காரணம் கரண்டு. லேப்டாப் சும்மா இருக்கும்போது ஒரு 15 வாட் இழுக்கும்னு வைங்க, ரெண்டு மாச பில்லுக்கு 22 யூனிட் மாதிரி வரும். பழைய டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தா அதே ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட், தமிழ்நாட்டுல குடுக்குற ஃப்ரீ 100 யூனிட்ட கிட்டத்தட்ட அதுவே முழுங்கிரும்.

லேப்டாப்னா ஒண்ணு கண்டிப்பா பாருங்க. பேட்டரி உப்பியிருக்கா? டச்பேட் மேல தூக்கிட்டு இருந்தாலோ அடிப்பக்கம் தரையில சமமா உக்காராம ஆடினாலோ உடனே கழட்டிருங்க, 24 மணி நேரமும் சார்ஜ்ல இருக்கப்போற மெஷின் அது. பேட்டரி நல்லா இருந்தா கரண்ட் போனாலும் ஓடும், குட்டி யுபிஎஸ் ஓசியில கெடைச்ச மாதிரி. பயாஸ்ல (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்) சார்ஜ் லிமிட் ஆப்ஷன் இருந்தா 60 இல்ல 80 சதவீதத்துல நிறுத்தி வைங்க.

நோண்டுறதுல ஆர்வமே இல்ல, வாங்கி வெச்சா ஓடணும்னா சைனாலஜி மாதிரி ரெண்டு டிஸ்க் போடுற ரெடிமேட் நாஸ் (நெட்வொர்க்ல இணையுற டிஸ்க் பெட்டி) வாங்கிக்கலாம், காசு கூட ஆகும், அவ்ளோதான். கீழ நான் சொல்ற பேக்கப் பகுதி அவங்களுக்கும் அப்படியே பொருந்தும், அத மட்டுமாவது படிங்க.

டிஸ்க் மூணு வாங்கணும். இத கேட்டதும் பலருக்கு மூஞ்சி மாறும், ஆனா மூணு இல்லன்னா இந்த வேலைய ஆரம்பிக்கவே வேண்டாம். ஒண்ணு சர்வர்ல, ஒண்ணு வீட்டுலயே பேக்கப்புக்கு, ஒண்ணு வேற ஊர்ல. இன்னிக்கு இருக்குற மொத்த சைஸ கூட்டி அத ரெண்டரை மடங்கு ஆக்குனா வர்ற சைஸ் வாங்குங்க, போன் கேமரா வருஷா வருஷம் பெரிய ஃபைலா எடுக்குது, 4கே வீடியோ வேற. மூணும் ஒரே கடையில ஒரே நாள்ல ஒரே மாடலா வாங்காம கொஞ்சம் மாத்தி வாங்குனா நல்லது, ஒரே பேட்ச்ல கோளாறு இருந்தா மூணும் ஒண்ணா படுத்துரும். அப்புறம் ஆன்லைன்ல 500 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ்னு வருமே, அது போலி. உள்ள 16 ஜிபியோ 32 ஜிபியோ இருக்கும், காப்பி ஆகுற மாதிரி காட்டும், தொறந்தா ஃபைல் காலி.

சாஃப்ட்வேர் பக்கம் உபுண்டு சர்வர் 24.04 (ஃப்ரீயா கெடைக்கிற ஒரு லினக்ஸ்) போடுங்க, 2029 வரைக்கும் அப்டேட் வரும். இன்ஸ்டால் பண்ணும்போது எஸ்எஸ்எச் (வேற கம்ப்யூட்டர்ல இருந்து உள்ள போற வழி) வேணுமான்னு கேக்கும், டிக் பண்ணிருங்க, அப்புறம் மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம், உங்க மெயின் கம்ப்யூட்டர்ல இருந்தே உள்ள போயிக்கலாம். லேப்டாப் மூடினா தூங்கிரும், அதுக்கு லாகின்டிங்கிற சிஸ்டம் செட்டிங் ஃபைல்ல ஹேண்டில் லிட் ஸ்விட்ச்னு இருக்குற வரிய இக்னோர்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரவுட்டர்ல போயி இந்த மெஷினுக்கு டிஎச்சிபி ரிசர்வேஷன் (எப்பவும் ஒரே ஐபி முகவரி) குடுத்துருங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவ கரண்ட் போயி வரும்போதும் ஐபி மாறி அம்மா போன்ல ஆப் வேலை செய்யலன்னு உங்களுக்கு கால் வரும்.

டேட்டா டிஸ்க்க எக்ஸ்ட்4ல (லினக்ஸோட வழக்கமான ஃபார்மேட்) ஃபார்மேட் பண்ணி, எந்த டிஸ்க் எங்க சேரணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல அதோட யூயூஐடி (டிஸ்க்கோட மாறாத அடையாள எண்) போட்டு மவுண்ட் பண்ணுங்க, டிஸ்க் பேரு போட்டு இல்ல, ஏன்னா யுஎஸ்பி மாத்தி சொருகினா அந்த பேரு மாறிரும். நோஃபெயில்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதையும் சேத்துருங்க, டிஸ்க் இல்லன்னாலும் மெஷின் பூட் ஆகும். இங்கயே ஒரு தமிழ் பிரச்சனையும் சொல்லிடறேன், இத வேற எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. எக்ஸ்ட்4ல ஒரு ஃபைல் பேரு 255 பைட்டுக்கு மேல போகக்கூடாது. இங்கிலீஷ் எழுத்து ஒரு பைட், தமிழ்ல ஒரு குறிக்கே மூணு பைட், அதுலயும் "கி", "கொ" மாதிரி எழுத்து எல்லாம் உள்ளுக்குள்ள ரெண்டு குறி, ஆக ஆறு பைட். அதனால "பெரியப்பா வீட்டு கிரகப்பிரவேசம் அன்னிக்கு சாயங்காலம் மொட்டைமாடியில எல்லாரும் சேந்து நின்னு எடுத்தது"ன்னு விண்டோஸ்ல ஆசையா பேரு வெச்ச ஃபைல் இங்க காப்பி ஆகாம எரர் அடிக்கும். தமிழ்ல பேரு வைங்க, தாராளமா வேலை செய்யும், ஆனா மூணு நாலு வார்த்தையோட நிறுத்திக்கோங்க.

இப்ப போட்டோவுக்கு இம்மிச். ஓபன் சோர்ஸ், பாக்க கூகுள் போட்டோஸ் மாதிரியே இருக்கும், ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுக்கும் ஆப் இருக்கு, வீட்டுக்காரங்களுக்கு புதுசா எதுவும் கத்துக்குடுக்க வேண்டாம்ங்கிறதுதான் நான் இத சொல்றதுக்கு முதல் காரணம். டாக்கர் (ஆப்புகள தனித்தனி டப்பாவா ஓட்டுற சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்ணி, இம்மிச் சைட்ல இருந்து கம்போஸ் ஃபைலையும் கூட இருக்குற என்வி ஃபைலையும் (ரெண்டும் செட்டிங் ஃபைல்தான்) எடுத்து, போட்டோ எங்க சேரணும்ங்கிற எடத்துல பெரிய டிஸ்க்கையும், டேட்டாபேஸ் எங்க இருக்கணும்ங்கிற எடத்துல எஸ்எஸ்டியையும் குடுங்க. ஸ்டார்ட் பண்ணி பிரவுசர்ல சர்வர் ஐபியோட 2283 போர்ட் போட்டா பேஜ் வரும். முதல்ல பதிவு பண்றவர்தான் அட்மின்.

போட்டோ ஏத்துறதுக்கு முன்னாடி, ப்ளீஸ், ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்ங்கிற செட்டிங்க ஆன் பண்ணுங்க. அது தானா ஆஃப்ல இருக்கும். ஆஃப்ல இருந்தா உங்க போட்டோ எல்லாம் புரியாத எண்ணும் எழுத்தும் கலந்த ஃபோல்டருக்குள்ள போயி உக்காந்துக்கும், ஆப் ஓடுற வரைக்கும் தெரியாது, ஆப் இல்லாம டிஸ்க்க மட்டும் வேற கம்ப்யூட்டர்ல சொருகி பாத்தா தலையும் புரியாது வாலும் புரியாது. ஆன் பண்ணிட்டா ஆள் வாரியா, வருஷம் மாசம் வாரியா ஃபோல்டர் ஆகும். ஒவ்வொருத்தர் அக்கவுண்ட்லயும் ஸ்டோரேஜ் லேபிள்னு ஒண்ணு இருக்கு, அதுல அம்மா, அப்பான்னு பேரு குடுத்துட்டா ஃபோல்டர் பேரும் அதுவே ஆயிரும். நாளைக்கு இம்மிச்சே இல்லாம போனாலும் போட்டோ போட்டோவா இருக்கணும், அதான் விஷயம்.

வீட்ல ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் போடுங்க, எல்லாருக்கும் ஒரே லாகின் குடுக்காதீங்க, தம்பி ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அப்பா டைம்லைன்ல வந்து நிக்கும், அப்புறம் வீட்ல பஞ்சாயத்து. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பார்ட்னர் ஷேரிங் (ஒருத்தர் போட்டோ எல்லாம் இன்னொருத்தருக்கும் தெரியும்) போட்டுக்கலாம், மத்தவங்களுக்கு ஷேர்டு ஆல்பம் போதும். போன்ல எந்த ஃபோல்டர் பேக்கப் ஆகணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கணும். கேமரா கண்டிப்பா. வாட்ஸப் இமேஜஸ் ஃபோல்டர அப்படியே டிக் பண்ணாதீங்க, தெனம் காலையில வர்ற ரோஜாப்பூ குட்மார்னிங்கும் முருகர் படமும் டெராபைட்டுக்கு போயிட்டு இருக்கும். வேணும்ங்கிற போட்டோவ மட்டும் தனி ஆல்பத்துக்கு நகத்தி அத பேக்கப் போடுங்க. வாட்ஸப் போட்டோல எடுத்த தேதி உள்ள இருக்காது, ஃபைல் பேருல மட்டும்தான் இருக்கும், அதனால சில போட்டோ தப்பான வருஷத்துல போயி நிக்கும், இம்மிச்லயே தேதிய மாத்திக்கலாம். விசேஷத்துல யாராவது நல்லா போட்டோ எடுத்தா வாட்ஸப்ல டாக்குமெண்டா அனுப்ப சொல்லுங்க, எச்டின்னு அனுப்பினாலும் கொஞ்சம் சுருக்கித்தான் அனுப்பும்.

ஆண்ட்ராய்டுல அந்த ஆப்புக்கு பேட்டரி ஆப்டிமைசேஷன ஆஃப் பண்ணணும், சில போன் பேக்ரவுண்டுல எதையும் உயிரோட விடாது. ஐபோன்ல பேக்ரவுண்டு அப்லோடு போன் நெனச்சாத்தான் நடக்கும், அதனால வாரத்துக்கு ஒரு தடவ சார்ஜ் போட்டு ஆப்ப தொறந்து வைக்க சொல்லுங்க. முகம் கண்டுபிடிக்கிற வேலை எல்லாம் உங்க சர்வர்லயே நடக்குது, வெளிய எங்கயும் போகாது, பழைய லேப்டாப்னா முதல் தடவ ஃபேன் ரெண்டு மூணு நாள் கூட கத்தும், பயப்பட வேண்டாம், விட்டுருங்க.

கூகுள்ல ஏற்கனவே இருக்குறத எடுக்க கூகுள் டேக்அவுட்ங்கிற டவுன்லோடு பேஜுக்கு போங்க. ஜிப் சைஸ 50 ஜிபின்னு வைங்க, 2 ஜிபிலயே விட்டா நூறு ஃபைல் டவுன்லோடு பண்ண வேண்டியிருக்கும், லிங்க் ஒரு வாரத்துல காலாவதி ஆயிரும். உள்ள ஒவ்வொரு போட்டோவுக்கும் கூடவே ஒரு ஜேசன் ஃபைல் (விவரம் மட்டும் எழுதுன சின்ன ஃபைல்) வரும், சரியான தேதியும் எடமும் பல நேரம் அதுலதான் இருக்கு, அத தூக்கி போட்றாதீங்க. இம்மிச் கோன்னு ஒரு தனி டூல் இருக்கு, ஜிப்ப அப்படியே குடுத்தா ஜேசனையும் படிச்சு, டூப்ளிகேட்டையும் விலக்கி, ஆல்பத்தையும் சேத்து ஏத்திரும்.

டாக்குமெண்டுக்கு பலர் நெக்ஸ்ட்கிளவுட் (கூகுள் டிரைவ் மாதிரி நம்ம சர்வர்லயே ஓட்டுறது) சொல்வாங்க. நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா ஒரு வீட்டுக்கு கனம் அதிகம், பராமரிக்கிறதும் ஒரு வேலை. என் அபிப்ராயத்துல ஃபோல்டர நெட்வொர்க்ல பகிர்ற சாம்பா போதும், விண்டோஸ்ல ஒரு டிரைவ் மாதிரி தெரியும், போன்ல ஃபைல் மேனேஜர் ஆப்ல இருந்தும் தொறக்கலாம். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்க சான்றிதழ், ஆதார், மார்க்‌ஷீட், இன்சூரன்ஸ், ஹாஸ்பிடல் ரிப்போர்ட், இப்படி ஏழெட்டு ஃபோல்டர். அதுக்கு மேல பிரிச்சா யாருமே சரியான எடத்துல போட மாட்டாங்க.

வெளியூர்ல இருந்து பாக்கணும்னா ரவுட்டர்ல போர்ட் (வெளி நெட்ல இருந்து உள்ள வர்ற வாசல்) தொறந்து விடாதீங்க. 2021 ஜூன்ல மை புக் லைவ்னு நெட்ல நேரா இணைஞ்சிருந்த வீட்டு டிஸ்க்குகள யாரோ தூரத்துல இருந்தே ரீசெட் பண்ணி ஏகப்பட்ட பேரோட டேட்டா காலியாச்சு, 2022 ஜனவரில டெட்போல்ட்ங்கிற ரான்சம்வேர் நெட்டுக்கு தொறந்து கெடந்த கியூநாப் பெட்டிகளுக்குள்ள பூந்து ஃபைல எல்லாம் பூட்டி பிட்காயின் கேட்டுச்சு. அதுவும் இல்லாம நம்ம ஊர் ஃபைபர் கனெக்‌ஷன்ல பலதுல போர்ட் தொறந்தாலும் பிரயோஜனம் இருக்காது, ரவுட்டர்ல வேன் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா நீங்க சிஜிநாட்டுக்கு (ஒரே வெளி ஐபிய பல வீட்டுக்கு பகிர்ற முறை) பின்னாடி இருக்கீங்கன்னு அர்த்தம், வெளிய இருந்து யாரும் உங்கள நேரா தொட முடியாது. ரெண்டுக்கும் ஒரே தீர்வு டெயில்ஸ்கேல். சர்வர்லயும் போன்லயும் போட்டு ஒரே அக்கவுண்ட்ல சேத்தா எங்க இருந்தாலும் வீட்டு வைஃபைல இருக்குற மாதிரி, வீட்டு உபயோகத்துக்கு ஃப்ரீ. ஒரே ஒரு செட்டிங்: அட்மின் பேஜ்ல சர்வருக்கு மட்டும் கீ எக்ஸ்பயரிய டிஸேபிள் பண்ணுங்க. இல்லன்னா 180 நாள்ல அது தானா லாக்அவுட் ஆயிரும், நீங்க வெளியூர்ல இருக்கும்போதுதான் அது நடக்கும்.

சரி, பேக்கப். ரெண்டு டிஸ்க்க ரெய்டுல (ஒரே டேட்டாவ ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதுற முறை) போட்டா பேக்கப் ஆயிருச்சுன்னு நெனைக்கிற ஆளுங்க இன்னும் நெறைய பேர் இருக்காங்க. ரெய்டு ஒரு டிஸ்க் செத்தா சர்வர் நிக்காம ஓடுறதுக்கு. குழந்தை போன்ல இருந்து சர்வர்ல இருக்குற 400 போட்டோவ அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல அழியும், இடி விழுந்தா ரெண்டும் சேந்து போகும், திருடன் பெட்டியோட தூக்கிட்டு போவான். வீட்டுக்கு ரெய்டே வேண்டாம்னு சொல்வேன், அந்த காசுல மூணாவது டிஸ்க் வாங்குங்க.

ரெண்டாவது டிஸ்க்குக்கு ரெஸ்டிக்ங்கிற பேக்கப் டூல் போடுங்க. மாறுனது மட்டும் காப்பி ஆகும், ஒவ்வொரு நாளோட நிலையும் தனித்தனியா இருக்கும், போன வாரம் அழிஞ்சத இன்னிக்கு எடுக்கலாம். தினசரி 7, வாராந்திரம் 4, மாசாந்திரம் 12 வைக்க சொல்லி விட்டுட்டா போதும். இம்மிச் தன்னோட டேட்டாபேஸ ராத்திரி 2 மணிக்கு தானே ஒரு ஃபைலா எடுத்து போட்டோ டிஸ்க்லயே போட்டு வைக்கும், அதனால உங்க பேக்கப்ப 4 மணிக்கு ஓட விடுங்க, அந்த ஃபைலும் சேந்து வந்துரும். அது இல்லாம போட்டோ மட்டும் இருந்தா ஆல்பம், முகம், பேரு எல்லாம் போச்சு. ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலஞ்சா யாராலயும் திறக்க முடியாது, அத சர்வர்ல மட்டும் வெச்சிருக்குறது வெச்சிருக்காததுக்கு சமம்.

மூணாவது டிஸ்க் சொந்த ஊருக்கு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எப்படியும் ஊருக்கு போறீங்க இல்ல, போகும்போது புது காப்பி போட்ட டிஸ்க்க கொண்டு போயி அங்க பீரோல வைங்க, நாலாவதா ஒண்ணு இருந்தா அத வெச்சுட்டு பழச எடுத்துட்டு வந்து மாத்தி மாத்தி ஓட்டலாம். இந்த டிஸ்க்குல மட்டும் போட்டோவ எந்த பூட்டும் போடாம, விண்டோஸ்லயும் தெரியுற எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்ல, ஆர்சிங்க்ங்கிற காப்பி டூல் வெச்சு சாதா காப்பியா போடுங்க, டெலிட் ஆப்ஷன் (சர்வர்ல அழிஞ்சத இங்கயும் அழிக்கிறது) குடுக்காதீங்க. சித்தப்பா பையன் லேப்டாப்ல சொருகினாலும் போட்டோ தெரியணும். பத்திரம் ஆதார் ஸ்கேன் மட்டும் வெராக்ரிப்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல பாஸ்வேர்டு போட்டு பூட்டி வைங்க, டிஸ்க் எங்கயாவது பஸ்ல மறந்துட்டா வம்பு.

பேக்கப் ஓடுச்சுன்னு மெசேஜ் வர்ற மாதிரி பண்றவங்க உண்டு, ஒரு மாசத்துல அந்த மெசேஜ யாரும் படிக்க மாட்டாங்க. தலைகீழா பண்ணுங்க: பேக்கப் முடிஞ்சதும் ஹெல்த்செக்ஸ் மாதிரி ஒரு சர்வீஸுக்கு சர்வர் தட்டி சொல்லணும், ஒரு நாள் தட்டலன்னா உங்க டெலிகிராமுக்கு அலாரம் வரணும். டிஸ்க் ஆரோக்கியத்துக்கு ஸ்மார்ட்சிடிஎல்ங்கிற கமாண்ட ஓட்டி ரீஅலோகேட்டட், பெண்டிங் செக்டார்னு (டிஸ்க்ல கெட்டுப்போன, சந்தேகமான எடங்க) ரெண்டு எண்ண பாருங்க, பூஜ்யத்துல இருந்து ஏற ஆரம்பிச்சா புது டிஸ்க் ஆர்டர் போடுங்க. அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ பேக்கப்ல இருந்து ஏதாவது ஒரு பழைய வருஷ ஃபோல்டர வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி, அஞ்சாறு போட்டோவ தொறந்தே பாக்கணும், ஃபைல் பேரு தெரியுதுன்னு விட்றக்கூடாது.

எங்க வைக்கிறதுன்னா தரையில வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில தரைத்தள வீடுகள்ல ஆல்பம், சர்டிபிகேட்னு என்னென்ன போச்சுன்னு உங்க சொந்தத்துலயே யாரையாவது கேட்டா தெரியும். சமையல்கட்டு பக்கத்துலயும் பூஜை ரூம்லயும் வேண்டாம், எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் ஃபேன்ல ஒட்டும். வெளிய தெரியுற ஓட்டைக்கு மெல்லிசா ஒரு வலை கட்டுங்க, சூடான எடம்னு பல்லி உள்ள போயி போர்டுல படுத்து ஷார்ட் ஆகுறது நம்ம ஊர்ல சகஜம். இன்வெர்ட்டர் லைன்ல போட்டிருந்தா இன்வெர்ட்டர யுபிஎஸ் மோடுல வைங்க, சாதா மோடுல மாறுற அந்த கண நேரத்துல மினி பிசி ரீஸ்டார்ட் ஆயிரும். தனி பவர் அடாப்டர் இருக்குற வெளி டிஸ்க்கும் ரவுட்டரும் அதே லைன்ல இருக்கட்டும். மினி பிசின்னா பயாஸ்ல கரண்ட் வந்தா தானா ஆன் ஆகுற ஆப்ஷன போட்டு விடுங்க.

ஒரு நோட்டு வாங்கி தமிழ்ல எழுதுங்க: எந்த பெட்டி எது, எந்த டிஸ்க் எங்க, ரெஸ்டிக் பாஸ்வேர்டு, வெராக்ரிப்ட் பாஸ்வேர்டு, ரவுட்டர் பாஸ்வேர்டு, டெயில்ஸ்கேல் எந்த மெயில்ல இருக்கு, ஒண்ணும் புரியலன்னா யாருக்கு போன் பண்ணணும். பத்திரம் வைக்கிற எடத்துல வைங்க. எழுதி முடிச்சுட்டு மனைவிகிட்டயோ தங்கச்சிகிட்டயோ குடுத்து, நீங்க வாய தொறக்காம, மூணாவது டிஸ்க்ல இருந்து ஒரு போட்டோ எடுக்க சொல்லுங்க. எங்க முழிக்கிறாங்களோ அந்த வரிய திருத்தி எழுதுங்க.

போன்ல எடம் இல்லன்னு எல்லாரும் முதல் நாளே அழிக்க நிப்பாங்க. விடாதீங்க. சர்வர்ல ஏறி, ரெஸ்டிக் ஓடி, ஊர் டிஸ்க்கும் ஒரு தடவ போயி சேந்து, ரீஸ்டோரும் பண்ணி பாத்த அப்புறம்தான் போன்லயும் கூகுள்லயும் கை வைக்கணும், அதுவும் ஒரு வருஷத்துக்கு முந்தினதுல இருந்து ஆரம்பிங்க. அழிக்கும்போது இம்மிச் ஆப்புக்குள்ள இருந்து அழிச்சா சர்வர்லயும் சேந்து போகலாம், டிவைஸ்ல இருந்து மட்டும் அழிக்கிற ஆப்ஷன் தனியா இருக்கு, அத பாத்து அமுக்குங்க, தப்பா போச்சுன்னாலும் இம்மிச் குப்பைத்தொட்டியில 30 நாள் கெடக்கும்.